மதுரைக்குப் போகிறேன் என்று சொன்னவள்

அக்கா யாரிடமும் எதற்கும் உத்தரவு கேட்டு நான் பார்த்ததில்லை. சொல்லுவாள், அவ்வளவுதான்.

"மேஸ்திரி, நாளைக்கி நான் வரமாட்டேன்."

"இந்தக் கோணிக் கட்ட இங்க போட்டா காத்து வராது. அந்தாண்ட நவுத்தச் சொல்லிட்டேன்."

எதிரில் இருப்பவர் சரி என்கிறாரா, முறைக்கிறாரா என்று பார்க்க நிற்க மாட்டாள். சொல்லி முடித்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிடுவாள். பதில் அவளுடைய முதுகுக்குத்தான் கிடைக்கும்.

ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டி ஒரு சாக்குக் கிடங்கு இருந்தது. கப்பலிலும் ரயிலிலும் அடிபட்டுக் கிழிந்த கோணிகள் அங்கே வரும். கிழிசலைக் கோணூசியால் தைத்து அடுக்குவது எங்கள் வேலை. பெண்கள் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்திருப்போம். சணல் தூசு மூக்கில் ஏறி யாராவது ஒருத்தி தும்மிக்கொண்டே இருப்பாள். நான் காசிமேட்டுக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அக்கா கூடப்பிறந்தவள் இல்லை; என்னைவிடப் பல வயது மூத்தவள் என்பதால் அப்படிக் கூப்பிடுவேன். டோல்கேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தாள். அவள் புருஷன் துறைமுகத்தில் கரி இறக்குகிறவர். சாது. பேசும்போதே பாதிச் சொல்லை விழுங்கிவிடுவார்.

நான் கிடங்குக்கு வருவதற்கு முன்னால், சண்டைக் காலத்தில் நடந்த ஒன்றை அங்கே எல்லோரும் சொல்லுவார்கள். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானது. மேஸ்திரி குடும்பத்தோடு திண்டிவனம் பக்கம் ஓடிவிட்டார். அவரவர் சொந்த ஊரைப் பார்த்துப் பெட்டி படுக்கையோடு போய்க்கொண்டிருந்தார்கள். தெருத் தெருவாக எச்சரிக்கை செய்துகொண்டு வந்த ஆள் ஒருவர் அக்காவின் சந்திலும் நின்று, ஊருக்குப் போய்விடும்மா என்றிருக்கிறார்.

"எனுக்கு இதான் ஊரு. வேற ஊரு கெடயாது. ஜப்பான்காரன் வந்தான்னா, இங்க ஒருத்தி கீறான்னு சொல்லி வையி" என்றாளாம் அக்கா. அந்த ஆள் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் அவள் யாருமில்லாத தெருவில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு வெளியிலேயே தூங்கினாள்.

அவள் பிறந்தது சேரியில். அவளுடைய அப்பா பெரம்பூர்ப் பக்கம் புத்தர் கூட்டங்களுக்குப் போய்வந்தவர். அவள் வீட்டுச் சுவரில் ஒரே படம்தான், புத்தர் படம். வேறு சாமி கிடையாது. கிடங்கில் எல்லோரும் சேர்ந்துதான் உட்காருவோம், சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஆனால் என்னைத் தேடி அவள் குப்பத்துக்கு வந்தால், என் மாமியார் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிடுவாள். நாங்களே மீன் நாற்றம் என்று பட்டணத்தார் மூக்கைப் பிடிக்கிற ஜனங்கள். எங்களுக்கும் கீழே ஒரு படி தேவைப்பட்டது.

பாண்டியம்மா வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் மதுரைப் பேச்சு வந்தது. அவள் மதுரைக்காரி. புருஷனுக்கு ஹார்பரில் வேலை கிடைத்ததால் மெட்ராஸுக்கு வந்தவள். மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறந்தால் வாயையும் திறந்துவிடுவாள். எங்கள் தண்ணி உப்பு, எங்கள் பூவுக்கு வாசம் இல்லை, எங்கள் தெருவெல்லாம் கருவாட்டு நாத்தம்.

"எங்க ஊர்ல கோயில நடுவுல வச்சு வீதிக அப்படியே சுத்திச் சுத்தி வரும். ஆடி வீதி, அதுக்கு அங்கிட்டுச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஒரு பக்கமாப் போய்க்கிட்டே இருந்தாப் போதும், கெளம்புன எடத்துலயே வந்து நிப்போம்" என்றாள் ஒரு நாள்.

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். "திரும்பாமலா?"

"முக்குல மட்டும் திரும்பணும்."

"நம்ம பக்கம் எல்லாம் ஒரே கோடு" என்றாள் அக்கா. எங்களிடம் சொல்வதுபோல் இல்லை. "இந்தாண்ட கடலு, அந்தாண்ட ரயிலு. டோல்கேட்ல ஏறுனா எர்ணாவூரு வரைக்கும் நேரா போவணும். போன வழியாவே திரும்பி வரணும். சுத்தி வந்து நிக்கற ஊர்ல நடந்தா எப்பிடி கீதுன்னு பாக்கணும்."

யாரோ சிரித்தார்கள். பாண்டியம்மாவும் சிரித்தாள். "சாமியே கும்பிடாத ஆளுக்கு மதுரை எதுக்கு? அதுவும் போக, நீங்கள்லாம் அங்க வந்து எங்க தங்குவீக?"

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். ஆனால் அந்த 'நீங்கள்லாம்' யாரைக் குறிக்கிறது என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா தூக்கைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பொங்கல் கழிச்சி நான் மதுரைக்குப் போறேன்" என்றாள். முந்தானையைச் செருகிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாளிலிருந்து பாண்டியம்மாவுக்கு ஓய்வில்லை. அக்கா ஒரு செங்கல் துண்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள். "ஒன் ஊர போடு." பாண்டியம்மா கிடங்குத் தரையில் சதுரத்துக்குள் சதுரமாக வரைந்தாள். ஸ்டேஷன் எங்கே, அங்கிருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரம், காலை வெயில் எந்த வீதியில் விழும், சாயங்காலம் எந்த வீதியில் நிழல் இருக்கும், குடிதண்ணி எங்கே கிடைக்கும் என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னதையே இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்பாள். பதில் மாறினால் விட மாட்டாள்.

"பொம்பளைங்க ஒதுங்க எங்க போவாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

பாண்டியம்மா முழித்தாள். "எங்களுக்கு வீடு இருக்குல்ல."

"வூடு இல்லாதவங்க?"

"வைகை ஆத்துப் பக்கம் போவாகன்னு நெனைக்கேன்" என்று இழுத்தாள். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி அதுவரை அவள் யோசிக்காத ஒன்று அது.

இன்னொரு நாள் அக்கா, "செருப்பு போட்டுக்கினு நடக்கலாமா அங்க?" என்றாள்.

பாண்டியம்மா தையலை நிறுத்தவில்லை. "அந்தக் காலத்துல ஒங்க ஆளுக எங்க தெருவுக்குள்ள வந்தா கழட்டிக் கையில புடிச்சுக்கிருவாக. இப்ப யாரு கேக்கப் போறா."

அக்கா அதுவரை செருப்பே போட்டதில்லை. கிடங்கில் யாருமே போட்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு ஜோடி வாங்கிவந்தாள். தோல் விறைப்பாக இருந்தது. டோல்கேட்டிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து டோல்கேட்டுக்கும் அதைப் போட்டே நடந்தாள். கட்டைவிரல் பக்கம் கொப்பளம் வந்து உடைந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போட்டுவந்தாள். "கழட்டி வெச்சுட்டு வாயேன்க்கா" என்றேன். "இங்க பயகாம அங்க போயி எப்பிடி நடக்கறது?" என்றாள்.

இத்தனை கேள்வியில் பாண்டியம்மாவுக்கே மனசு இளகிவிட்டது. ஒரு சாயங்காலம் கிடங்கு விட்டு வரும்போது எங்களோடு கூட நடந்தாள். "எங்க அம்மா வீட்டுலயே தங்கிக்கங்க. எங்க அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அம்மாதான் பழைய மனுஷி. பின்னால மாட்டுக் கொட்டில் பக்கம் நல்ல எடம் இருக்கு, சுத்தமா இருக்கும். சாப்பாடு கொண்டாந்து குடுப்பாக" என்றாள். உண்மையான பிரியத்தோடுதான் சொன்னாள்.

அக்கா நடந்துகொண்டே அவள் தோளில் கையைப் போட்டாள். "ஒன் வூட்டுக்கு நான் வர்ல, பாண்டியம்மா. ஒன் ஊருக்குத்தான் போறேன்."

நானும் போவது என்று எப்போது முடிவானது என்பது எனக்கே தெரியாது. அக்கா ஒரு நாள், "நீயும் வரே" என்றாள். எனக்கு ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. என் புருஷன் அவருடைய அம்மா முகத்தைப் பார்த்துத்தான் எதற்கும் தலையாட்டுவார். நான் கேட்கவே இல்லை. அக்கா வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

"ஒன் மருமவ எங்கூட மதுரைக்கு வரா. சனிக்கெழம ரயிலு."

மாமியார் வலைக் கயிற்றைக் கீழே போட்டாள். "யாரக் கேட்டுக்கினு போறா?"

"யாரையும் கேக்கல. அதான் ஒன்னாண்ட சொல்லிக்கினு கீறேன்."

மாமியார் அந்த வாரம் முழுவதும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் வறுத்த நெத்திலியை ஒரு துணியில் முடிந்து என் மூட்டைமேல் வைத்தாள். "அவளுக்கும் குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்காவின் புருஷன் வேறு மாதிரி. அவர் தயங்கித் தயங்கி, "நானும் கூட வரட்டா?" என்று கேட்டாராம். "நீ வந்தா, நீ கூட்டிகினு போனதா ஆயிடும். இன்னொருவாட்டி போலாம், இரு" என்றாளாம் இவள். அவர் எழும்பூர் வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரயில் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மேஸ்திரியிடம் மட்டும்தான் நிஜமான தகராறு. எனக்கு லீவு கொடுத்துவிட்டார், ஏனென்றால் நான் கேட்டேன். அக்கா போய் நின்று, "திங்ககெழம வரமாட்டேன், செவ்வாகெழமயும் வரமாட்டேன்" என்றாள்.

"லீவு வேணும்னா கேட்டு வாங்கணும். இன்னா நீ, எனக்கே சொல்லிகினு கீறே?"

"கேட்டா நீ இல்லன்னுவே. அதான் சொல்றேன்."

"போனா ஒன் எடத்துல வேற ஆளு குந்தும், பாத்துக்கோ."

"குந்தட்டும்" என்றாள் அக்கா.

மதுரை ஸ்டேஷனில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. வாசலுக்கு வந்ததும் ஜட்காக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா அவர்களை விலக்கிக்கொண்டு, கிடங்குத் தரையில் பார்த்த கோடுகளை மனசில் வைத்து நடந்தாள். மாசி வீதியை ஒட்டி ஒரு சத்திரம். யாத்திரை வருகிறவர்கள் தங்குகிற இடம். கல்தூண் வைத்த நடையில் மேஜை போட்டு மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக அறைகள். பாதி அறைகளின் கதவு திறந்து கிடந்தது. ஒருத்தி உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரு?"

"மெட்ராஸு."

"என்ன ஆளுக?"

வேறு ஏதாவது சாதிப் பெயரைச் சொல்லிவிட்டால் என்ன என்று ரயிலில் வரும்போதே நான் யோசித்திருந்தேன். அக்கா யோசிக்கவில்லை.

"இவ கடல்ல மீன் புடிக்கிற ஆளுங்க. நான் சேரி."

மேனேஜர் அவள் காலிலிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எடம் இல்லையேம்மா" என்றார்.

"எடம் கீது. கதவெல்லாம் தொறந்து கீது. எனுக்கு இல்லன்றே. அத்த வாய்வுட்டுச் சொல்லு, போயிடறோம்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப எடம் கீது."

அவர் மேஜைமேல் கிடந்த நோட்டைப் புரட்டினார். சாதியைச் சொல்லி இடம் மறுத்தால் குற்றம் என்று அதற்குள் சட்டம் வந்திருந்தது. அது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா மூட்டையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "நீ சொல்ற வரைக்கும் இங்கியே குந்திகினு கீறேன்" என்றாள். குரல் உயரவே இல்லை.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பி நின்றது. நாங்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் குடும்பத்துப் பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏதோ ஒண்ணைச் சொல்லி அனுப்பும்ங்கறேன். நாங்க போகவேண்டாமா?" என்றார். அவர் எங்களுக்காகப் பேசவில்லை. நேரமாகிறது என்ற எரிச்சலில் பேசினார். ஆனால் மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். மேஜையைச் சுற்றி வந்து, அக்காவுக்கு எதிரே தரையில் வைத்தார்.

நான் குனிந்து எடுக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கையில குடு" என்றாள் அவரிடம்.

பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு கதவருகில் வந்து நின்றாள். மேனேஜர் குனிந்து, தான் வைத்த சாவியைத் தானே எடுத்தார். அக்கா எழுந்து நின்று கையை நீட்டினாள். சாவி அவள் கைக்கு வந்தது.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினதும் அக்கா சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "கொஞ்சம் தண்ணி குடு. பேஜாரா கீது" என்றாள். செம்பில் இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். பாதி மேலெல்லாம் சிந்தியது. முடிச்சை அவிழ்த்து நெத்திலியை எடுத்து வைத்தேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "ஒன் மாமியாரு நல்லா வறுத்துக்கீறா" என்றாள்.

அதற்கப்புறம் ஓய்வெடுக்கலாம் என்றால் கேட்கவில்லை. வெளி வீதியிலிருந்து ஆரம்பித்தோம். நாலு பக்கமும் சுற்றி முடித்துவிட்டு மாசி வீதி. அது முடிந்து ஆவணி மூல வீதி, பிறகு சித்திரை வீதி. பித்தளைப் பாத்திரக் கடைகள், துணிக் கடைகள், பூ கட்டுகிறவர்கள், மாடியிலிருந்து தலை துவட்டிக்கொண்டே எட்டிப் பார்க்கிற பெண்கள். ஒவ்வொரு சுற்றும் முடிந்து கிளம்பின இடத்துக்கே வந்து சேரும்போது அக்கா நின்று, "வந்துட்டோம் பாரு" என்பாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். யாராவது அவள் காலைப் பார்த்தால் அவளும் நின்று அவர்கள் காலைப் பார்ப்பாள்.

சாயங்காலம் கோயிலுக்குள் போனோம். செருப்பை வாசலில் விட்டாள். எல்லோரும் விட்டார்கள், அவளும் விட்டாள். நான் அம்மன் சந்நிதியில் நின்று அழுதேன். எதற்கென்று தெரியாது. அக்கா எனக்குப் பின்னால் நின்று கல்தூண்களில் இருந்த யாளிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கைகூப்பவில்லை.

"கும்புடலையாக்கா?"

"தொறந்து வெச்சாங்க, வந்தேன். கும்புடறது என் இஷ்டம்" என்றாள். பிறகு, நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, "நீ நல்லா கும்புட்டுக்கோ, நான் இங்கியே கீறேன்" என்று என் முதுகைத் தட்டினாள். எனக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கத் தயாராக இருந்தாள். கடைசியாகக் கோயிலுக்கு உள்ளேயே ஆடி வீதியைச் சுற்றினோம். அதோடு எல்லா வீதியும் முடிந்தது.

மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து நடந்தாள்.

புதன்கிழமை கிடங்குக்குப் போனபோது அக்காவின் இடத்தில் திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி சொன்னதைச் செய்திருந்தார். எங்கள் பக்கம் திரும்பாமல் கட்டுகளைச் சரிபார்ப்பதுபோல் நின்றார். அந்தப் பெண் விஷயம் புரிந்து எழுந்திருக்கப் பார்த்தாள். அக்கா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். "நீ குந்து. ஒன் மேல இன்னா தப்பு கீது" என்றாள். கூரையில் செருகியிருந்த தன் கோணூசியை எடுத்துக்கொண்டாள்.

"மேஸ்திரி, தண்டையார்பேட்டையில மொளகா மண்டிக்கிப் போறேன்" என்றாள். அங்கே வேலை இருக்கிறதா என்று அவள் விசாரிக்கக்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் போனாள், வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். மிளகாய் நெடியில் கண் எப்போதும் சிவந்திருக்கும். டோல்கேட்டில் எப்போதாவது பார்த்தால் நின்று பேசுவோம். அப்புறம் அவள் சந்திலிருந்த வீடுகளை இடித்தார்கள். எங்கே குடிபோனாள் என்று தெரியவில்லை.

அவள் ஊசியோடு வெளியே போன அன்று மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பாண்டியம்மா தூக்கை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தூக்கைத் திறந்துகொண்டே, "எல்லா வீதியும் நடந்தாளா?" என்று கேட்டாள்.

நடந்தாள் என்றேன். இரண்டாம் நாள் மாசி வீதியில் நடந்ததைச் சொன்னேன். நான் கடையோரமாகவே போய்க்கொண்டிருந்தேன். அக்கா வீதியின் நடுவில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வந்த ஜட்காக்காரன் மணியை அடித்து, "ஓரமாப் போம்மா" என்று கத்தினான். "வீதி அகலமா கீது. நீ சுத்திகினு போ" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல். அவன் ஏதோ திட்டினான். கொஞ்ச தூரம் அவளுக்குப் பின்னாலேயே வந்தான். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் கடிவாளத்தை இழுத்து, அவளைச் சுற்றிக்கொண்டு போனான். நான் ஓரத்திலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் போய் நடந்தேன்.

பாண்டியம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

"பொறந்ததுலருந்து கட்டிக்குடுக்கற வரைக்கும் எனக்கு அந்த வீதிதான்" என்றாள். "நடுவுல நான் ஒரு நாளும் நடந்ததில்ல."